ஐடி கார்டு பிரிண்டருக்கு எந்த ரிப்பன் வாங்கணும்? ரோல் விலையைப் பார்க்காதீங்க, கார்டு விலையைப் பாருங்க



ஸ்கூல் திறக்கற சீசன் வந்தா போதும், ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டூடியோ, டிடிபி சென்டர் வச்சிருக்கறவங்களுக்கு ஐடி கார்டு ஆர்டர் வர ஆரம்பிச்சிடும். ஒரு ஸ்கூல்னா 500, 600 கார்டு. "நாமளே ஒரு கார்டு பிரிண்டர் வாங்கிப் போட்டா என்ன?"ன்னு நிறைய பேர் யோசிக்கிறாங்க. நல்ல யோசனைதான். ஆனா பிரிண்டர் வாங்கும்போது பத்து கடை ஏறி இறங்கி விசாரிக்கிறவங்க, ரிப்பன் வாங்கும்போது மட்டும் "எது விலை கம்மி?"ன்னு ஒரே ஒரு கேள்வியோட நிறுத்திடறாங்க.

பிரிண்டருக்கு ஒரு தடவைதான் காசு கொடுக்கறீங்க. ரிப்பனுக்கு ஒவ்வொரு கார்டுக்கும் கொடுக்கறீங்க. அதனால இந்தத் தொழில்ல லாபமா நஷ்டமான்னு முடிவு பண்றது பெரும்பாலும் ரிப்பன்தான். இன்னைக்கு அதைத்தான் கணக்கோட பார்க்கப்போறோம்.

என் மச்சானுக்கு நடந்தது

என் மச்சான் ஈரோடு பக்கத்துல ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். ரெண்டு பக்கமும் தானாவே பிரிண்ட் பண்ற ஒரு கார்டு பிரிண்டர் வாங்கினார். முதல் ஆர்டரே ஒரு ஸ்கூல், 600 கார்டு. முன்பக்கம் கலர், பின்பக்கம் கருப்பு எழுத்துல அட்ரஸ், அப்பா அம்மா போன் நம்பர், பஸ் ரூட். கார்டுக்கு 30 ரூபாய்னு பேசி முடிச்சார். மொத்தம் 18,000 ரூபாய். கயிறு, ஹோல்டர் எல்லாம் ஸ்கூலே பார்த்துக்கும்.

டீலர்கிட்ட ரெண்டு ரிப்பன் இருந்துச்சு. ஒண்ணு 250 பிரிண்ட், 3,000 ரூபாய். இன்னொண்ணு 200 கார்டு, 3,200 ரூபாய். (புரியறதுக்காக நம்பர்களை ரவுண்டு பண்ணியிருக்கேன். மாடலுக்கு மாடல், டீலருக்கு டீலர் விலை மாறும்.) நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க? விலையும் கம்மி, எண்ணிக்கையும் அதிகம்னு முதல் ரிப்பனைத்தானே எடுப்பீங்க? அவரும் அதைத்தான் எடுத்தார். 600 கார்டுக்கு மூணு ரோல் போதும், 9,000 ரூபாய்ல முடிஞ்சிடும்னு கணக்குப் போட்டார்.

125 கார்டு வந்ததும் முதல் ரோல் தீர்ந்துடுச்சு. மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சார். ரெண்டாவது ரோலும் அதே மாதிரி. நடுவுல பேர் தப்பு, இனிஷியல் தப்புன்னு 30 கார்டு வீணாச்சு. ஆக மொத்தம் 630 கார்டு அடிக்க வேண்டியதாச்சு. அஞ்சு ரோல் முடிஞ்சப்போ இன்னும் அஞ்சு கார்டு பாக்கி. அந்த அஞ்சு கார்டுக்காக ஆறாவது ரோல் வாங்கினார்.

ரிப்பனுக்கு மட்டும் 18,000 ரூபாய். பிளாங்க் கார்டு, ஒண்ணு 4 ரூபாய் வீதம் 630 கார்டுக்கு 2,520 ரூபாய். மொத்தச் செலவு 20,520. வந்த பணம் 18,000. "மாமா, நாலு நாள் ராத்திரி பகலா உக்காந்து அடிச்சேன், கையில இருந்த காசும் 2,500 போயிடுச்சு. எங்கேயோ கணக்கு இடிக்குது"ன்னு போன் பண்ணினார். ஆறாவது ரோல்ல மிச்சம் இருக்கற 240 பிரிண்டோட மதிப்பு 2,880 ரூபாயைச் சேர்த்துப் பார்த்தாலும் அவருக்கு லாபம் 360 ரூபாய்தான். கரண்ட் பில், அவரோட கூலி எதுவும் இதுல சேரலை.

மெஷின்ல கோளாறு எதுவும் இல்லை. அந்தக் கார்டுக்கு அது தப்பான ரிப்பன். ஏன்னு புரியணும்னா ரிப்பன் எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல தெரியணும்.

ரிப்பனுக்குள்ள என்ன இருக்கு?

இங்க்ஜெட் பிரிண்டர்ல கலர் எவ்வளவு அதிகமா இருக்கோ அவ்வளவு இங்க் செலவாகும். ஒரு சின்ன லோகோ மட்டும் அடிச்சா கொஞ்சம்தான் போகும். கார்டு பிரிண்டர் அப்படி இல்லை.

கலர் ரிப்பனைப் பிரிச்சுப் பார்த்தீங்கன்னா, ஒரு நீளமான மெல்லிசான பிலிம். அதுல கார்டு அளவுக்கு ஒவ்வொரு கட்டமா கலர் மாறி மாறி வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பேனல்னு பேர். மஞ்சள் ஒரு பேனல், அடுத்து மெஜந்தா, அடுத்து சயான், அடுத்து கருப்பு, கடைசியா நிறமே இல்லாத ஒரு பாதுகாப்புப் படலம். திரும்ப மஞ்சள்ல இருந்து ஆரம்பிக்கும். கார்டு பிரிண்டருக்குள்ள ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு தடவை ஹெட்டுக்கு அடியில போய் வரும். ஹெட் சூடாகும்போது மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்கள் ஆவியாகிக் கார்டோட மேற்பரப்புக்குள்ள இறங்கும். சூடு கூடக் கூட நிறம் அழுத்தமாகும். அதனாலதான் போட்டோ அவ்வளவு இயல்பா வருது.

இங்கதான் முக்கியமான விஷயம். ஒரு தடவை நகர்ந்த பேனல் மறுபடி வராது. உங்க டிசைன்ல சிவப்புப் பொட்டு மாதிரி ஒரே ஒரு கலர் புள்ளி இருந்தாலும் ஒரு செட் பேனல் முழுசா போயிடும். கார்டு முழுக்க கலர் இருந்தாலும் அதே ஒரு செட்தான். ரிப்பன் பெட்டியில 250ன்னு போட்டிருந்தா அது 250 பக்கம். 250 கார்டு இல்லை.

மச்சான் விஷயத்துல நடந்ததும் இதுதான். பின்பக்கம் வெறும் கருப்பு எழுத்துன்னாலும், அந்தக் கருப்புப் பேனலை எடுக்கறதுக்காக மஞ்சள், மெஜந்தா, சயான் மூணையும் பிரிண்டர் சும்மா சுத்தி விட்டுடுச்சு. ஒரு கார்டுக்கு ரெண்டு செட். 250 பிரிண்ட் ரோல்ல 125 கார்டு.

எழுத்துக்களுக்கு என்ன அர்த்தம்?

ரிப்பன் பெட்டி மேல ஆங்கிலத்துல நாலஞ்சு எழுத்து வரிசையா இருக்கும். அதைப் படிக்கத் தெரிஞ்சா டீலரையே கேட்க வேண்டாம்.

- ஒய்: மஞ்சள்
- எம்: மெஜந்தா
- சி: சயான்
- கே: கருப்பு. இது சாயம் இல்லை, ரெசின். சூடு பட்டதும் அப்படியே கார்டு மேல ஒட்டிக்கும். எழுத்து, பார்கோடுக்கு இதுதான்.
- ஓ: ஓவர்லே. நிறமில்லாத பாதுகாப்புப் படலம். சில கம்பெனி இதையே டாப்கோட்னு சொல்லி டி எழுத்து போடுவாங்க.

எழுத்து எந்த வரிசையில இருக்கோ, பேனலும் அதே வரிசையில இருக்கும். ஒய்எம்சிகேஓன்னா அஞ்சு பேனல். கடைசியில இன்னொரு கே சேர்ந்து ஒய்எம்சிகேஓகேன்னு இருந்தா ஆறு பேனல். அந்தக் கடைசி கருப்பு, கார்டோட பின்பக்கத்துக்கு. படிக்கக் குழப்பமா இருக்கும்ங்கறதால, இனிமே அஞ்சு பேனல், ஆறு பேனல்னே சொல்றேன்.

எந்தக் கார்டுக்கு எந்த ரிப்பன்?

1. முன்பக்கம் மட்டும் கலர், பின்பக்கம் காலி: அஞ்சு பேனல். சின்ன ஆபீஸ், கோச்சிங் சென்டர் கார்டெல்லாம் பெரும்பாலும் இதுல அடங்கிடும். 3,000 ரூபாய் ரோல்ல 250 கார்டுன்னா ரிப்பன் செலவு கார்டுக்கு 12 ரூபாய்.

2. முன்பக்கம் கலர், பின்பக்கம் கருப்பு எழுத்து: ஆறு பேனல். ஸ்கூல் கார்டுக்குன்னே வந்த மாதிரி இருக்கும். ஆனா ரெண்டு பக்கமும் தானா திருப்பிப் பிரிண்ட் பண்ற டூப்ளெக்ஸ் பிரிண்டரா இருக்கணும். 3,200 ரூபாய் ரோல்ல 200 கார்டுன்னா கார்டுக்கு 16 ரூபாய்.

3. ரெண்டு பக்கமும் கலர்: அஞ்சு பேனல், ஆனா ரெண்டு செட். ரிப்பன் மட்டும் கார்டுக்கு 24 ரூபாய். பின்பக்கத்துல ஒரு சின்னக் கலர் லோகோ போடச் சொல்லி ஸ்கூல்ல கேட்டாங்கன்னா, அந்த லோகோவோட விலை கார்டுக்கு 8 ரூபாய். 600 கார்டுக்கு 4,800 ரூபாய். இதை அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க. "சரி, கருப்புலயே போட்டுடுங்க"ன்னு சொல்லிடுவாங்க.

4. வெள்ளைக் கார்டு, ஒரு போட்டோ, மத்ததெல்லாம் கருப்பு எழுத்து: ஹாஃப் பேனல். இதுல கலர் பேனல்கள் மட்டும் பாதி அளவுல இருக்கும். கருப்பும் ஓவர்லேயும் முழு அளவு. கார்டுல போட்டோ இருக்கற பகுதிக்கு மட்டும் கலர் கிடைக்கும். பிலிம் மிச்சமாகறதால ஒரு ரோல்ல அதிகக் கார்டு வரும். உதாரணத்துக்கு 4,000 ரூபாய் ரோல்ல 400 கார்டுன்னா, கார்டுக்கு 10 ரூபாய். கவனிங்க, ரோல் விலை அதிகம், கார்டு விலை கம்மி. ஆனா டிசைன்ல மேல ஒரு கலர் பட்டை, கீழே ஒரு கலர் பட்டைன்னு இருந்தா இது ஆகாது. கலர் எந்தப் பகுதிக்குள்ள அடங்கணும்னு உங்க பிரிண்டர் மேனுவல்ல பார்த்துட்டு டிசைன் பண்ணுங்க.

5. போட்டோவே இல்லை, எழுத்தும் நம்பரும் மட்டும்: ஒரே நிற ரிப்பன். விசிட்டர் பாஸ், கடை மெம்பர்ஷிப் கார்டு, பார்க்கிங் பாஸ் எல்லாம் இதுல வரும். ஒரு ரோல்ல ஆயிரம் கார்டுக்கு மேலயே அடிக்கலாம். ரோல் 1,000 ரூபாய், 1,000 கார்டுன்னு வச்சுக்கிட்டா கார்டுக்கு ஒரே ஒரு ரூபாய். கலர் லோகோ வேணும்னா, பொதுவான டிசைனை மட்டும் வெளியில மொத்தமா ஆஃப்செட்ல அடிச்ச கார்டு வாங்கி, அது மேல பேர், நம்பரை மட்டும் நீங்க கருப்புல அடிக்கலாம். கருப்பு தவிர வெள்ளை, நீலம், சிவப்பு, தங்கம், வெள்ளி நிறத்துலயும் இந்த ரிப்பன் உண்டு. கருப்புக் கார்டு மேல தங்க எழுத்து கேட்டா இதுதான் வழி. சாதாரணக் கலர் ரிப்பன் அடர் நிறக் கார்டுல எடுபடாது, ஏன்னா அந்தச் சாயங்கள் ஒளி ஊடுருவுற மாதிரி இருக்கும். அதுக்கு வெள்ளைக் கார்டுதான் வேணும்.

6. உள்ளே சிப் இருக்கற ஸ்மார்ட் கார்டு: ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க. கதவு திறக்கற கார்டு, அட்டெண்டன்ஸ் கார்டு மாதிரி இருக்கறதுல சிப்பும் ஆன்டெனாவும் உள்ளே இருக்கறதால மேற்பரப்பு கொஞ்சம் மேடு பள்ளமா இருக்கும். சாதாரணப் பிரிண்டர்ல ஹெட் நேரா கார்டைத் தொட்டு அடிக்கறதால பள்ளமான இடத்துல வெள்ளைத் திட்டு விழும். ரீட்ரான்ஸ்ஃபர் பிரிண்டர்ல முதல்ல ஒரு பிலிம்ல அடிச்சு, அந்தப் பிலிமைச் சூடாக்கிக் கார்டுல ஒட்டும். ரொம்ப நல்லா வரும், ஓரம் வரைக்கும் கலர் இருக்கும். ஆனா ரிப்பன் தனி, பிலிம் தனி. விலை சொல்லும்போது ரெண்டையும் சேருங்க.

மச்சான் கணக்கை மறுபடி போடுவோம்

அதே 600 கார்டு, அதே 30 கார்டு வேஸ்ட், அதே 30 ரூபாய் விலை. பிளாங்க் கார்டு செலவு 2,520. உபயோகமான ரிப்பனுக்கு மட்டும் கணக்குப் போடுறேன்.

- அஞ்சு பேனல், ரெண்டு செட்: ரிப்பன் 15,120. மொத்தம் 17,640. லாபம் 360 ரூபாய்.
- ஆறு பேனல்: ரிப்பன் 10,080. மொத்தம் 12,600. லாபம் 5,400 ரூபாய்.
- முன்பக்கம் அஞ்சு பேனல், அப்புறம் ரிப்பனை மாத்திப் பின்பக்கம் வெறும் கருப்பு: ரிப்பன் 7,560 + 630. மொத்தம் 10,710. லாபம் 7,290 ரூபாய்.

மூணாவது வழியைப் பார்த்ததும் "இதுதான் பெஸ்ட்"னு தோணும். ஒரு பக்கம் மட்டும் அடிக்கற சாதாரணப் பிரிண்டர் வச்சிருக்கறவங்களுக்கும் இது ஒத்து வரும். எல்லாக் கார்டோட முன்பக்கத்தையும் அடிச்சு முடிச்சுட்டு, கருப்பு ரிப்பன் மாட்டி, கார்டுகளைத் திருப்பி வச்சு அடிக்கலாம்.

ஆனா ஒரு ஆபத்து இருக்கு. பின்பக்கத்துல ஸ்கூல் அட்ரஸ், விதிமுறைன்னு எல்லாக் கார்டுக்கும் ஒரே விஷயம்னா தாராளமா பண்ணுங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேற வேற போன் நம்பர், ரத்த வகை, பஸ் ரூட்னா பண்ணாதீங்க. நடுவுல ஒரு கார்டு மாட்டி வரிசை ஒண்ணு தள்ளிப்போனா, அதுக்கப்புறம் வர்ற எல்லாக் கார்டுலயும் ஒரு பிள்ளையோட போட்டோவுக்குப் பின்னாடி இன்னொரு பிள்ளையோட விவரம் வரும். பஸ்ல மயங்கி விழுந்த குழந்தையோட கார்டைத் திருப்பிப் பார்த்துப் போன் பண்றாங்கன்னு வைங்க. போன் வேற வீட்டுக்குப் போகும். 1,890 ரூபாய் மிச்சம் பிடிக்கறதுக்காக அந்த ரிஸ்க் வேண்டாம். மச்சான் பண்ணின கார்டுக்கு ஆறு பேனல்தான் சரி.

பார்கோடு இருந்தா கே பேனலை விடாதீங்க

மஞ்சள், மெஜந்தா, சயான் மூணும் சேர்ந்தாலும் கண்ணுக்குக் கருப்பு மாதிரிதான் தெரியும். ஆனா அந்தக் கருப்புல அடிச்ச பார்கோடோட ஓரம் கூர்மையா இருக்காது. இன்ஃப்ராரெட் ஸ்கேனருக்கு அது தெரியவே தெரியாது. லைப்ரரியில, கேட்ல ஸ்கேன் ஆகலைன்னா மொத்த ஆர்டரும் திரும்பி வரும். பார்கோடு, கியூஆர் கோடு, சின்ன எழுத்து மூணும் கே ரெசின்லதான் அடிக்குதான்னு பிரிண்டர் செட்டிங்ல பாருங்க. டிசைன்ல பார்கோடைப் போட்டோவோட சேர்த்து ஒரே படமா சேவ் பண்ணிட்டா, பிரிண்டர் அதைக் கலராத்தான் எடுத்துக்கும். பார்கோடைத் தனியா, சுத்தக் கருப்பா வைங்க. முதல் கார்டு வந்ததும் ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டு மீதியை அடிங்க.

ஓவர்லேயையும் மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க. சாயத்துல அடிச்ச போட்டோ மேல அந்தப் படலம் இல்லைன்னா வெயில்லயும் உரசல்லயும் சீக்கிரம் வெளுத்துடும். பிள்ளைங்க கார்டை என்ன பாடு படுத்துவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

கம்மி விலை ரிப்பன் வாங்கலாமா?

ரிப்பனைப் பொறுத்தவரைக்கும் "எல்லாம் ஒண்ணுதான்" கிடையாது. ஒரு கம்பெனியோட ரிப்பன் இன்னொரு கம்பெனி பிரிண்டர்ல மாட்டாது. ஒரே கம்பெனியிலயே ஒரு மாடலுக்கு வந்தது இன்னொரு மாடலுக்குச் சேராது. நிறைய ரிப்பன்ல ஒரு சின்ன சிப் இருக்கும். மாடல் சரியா, இன்னும் எத்தனை பிரிண்ட் பாக்கின்னு பிரிண்டர் அதுல படிச்சுக்கும். சில கம்பெனி நாட்டுக்கு நாடு வேற ரிப்பன் விடறாங்க. வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரர் வாங்கிட்டு வந்த ரிப்பனை உங்க பிரிண்டர் ஏத்துக்காமலே போகலாம். அதனால வாங்கும்போது எழுத்தை மட்டும் சொல்லாம, பிரிண்டர் மாடலும் ரிப்பனோட பார்ட் நம்பரும் சொல்லி வாங்குங்க. பில்லுல அந்த நம்பர் இருக்கணும்.

வேற கம்பெனி தயாரிக்கற காம்பாட்டிபிள் ரிப்பன் எல்லாமே மோசம்னு சொல்லமாட்டேன். ஆனா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, வாரண்டி. ஒரிஜினல் ரிப்பன் போடலைன்னா ஹெட்டுக்கு வாரண்டி கிடையாதுன்னு உங்க வாரண்டி பேப்பர்ல இருக்கான்னு படிங்க. ஹெட்தான் பிரிண்டர்லயே விலை அதிகமான பாகம். ரோலுக்கு 500 ரூபாய் மிச்சம்னு பார்த்து அதைக் கெடுத்துக்கக் கூடாது. ரெண்டு, மொத்தமா பத்து ரோல் வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ரோல் வாங்கி, சொன்ன எண்ணிக்கை வருதா, எத்தனை கார்டு கெட்டுப்போச்சுன்னு எழுதி வைங்க. 12 ரூபாய் ரிப்பன்ல நூத்துக்குப் பத்து கார்டு கெட்டா, நல்ல கார்டு ஒண்ணுக்கு 13 ரூபாய்க்கு மேல ஆகிடுது. அதோட பிளாங்க் கார்டும் போகுது.

ஜிஎஸ்டியை மறந்துடாதீங்க

டீலர் போன்ல 3,200ன்னு சொல்வார். பில்லுல 18% ஜிஎஸ்டி சேர்ந்தா 3,776. ஆறு பேனல் கார்டுக்கு 16 ரூபாய்னு நினைச்சது 18 ரூபாய் 88 பைசா. 630 கார்டுக்கு 1,814 ரூபாய் வித்தியாசம். நீங்க ரெகுலர் ஜிஎஸ்டி பதிவு வச்சிருந்தா இதை இன்புட் கிரெடிட்டா எடுக்கலாம். பதிவு இல்லாத சின்னக் கடைன்னாலும், காம்போசிஷன் ஸ்கீம்ல இருந்தாலும் இது முழுசா உங்க செலவு. அதனால "வரி சேர்த்தா, சேர்க்காமலா?"ன்னு முதல்லயே கேட்டுட்டு, அந்த மொத்த விலையை வச்சுக் கார்டு விலை போடுங்க.

ஸ்டாக் எவ்வளவு வைக்கலாம்?

"பத்து ரோல் எடுத்தா ஒரு ரோல் ஃப்ரீ"ன்னு ஆஃபர் வரும். 30,000 ரூபாய் அலமாரியில தூங்கப் போகுதான்னு யோசிங்க. ரிப்பனுக்கும் ஆயுசு உண்டு. தகரக் கூரை போட்ட கடையில, சித்திரை வெயில்ல வச்சிருந்தா இன்னும் சீக்கிரம் கெடும். பிரிண்டர் மாடல் மாத்தினா பழைய ரிப்பன் எதுக்கும் உதவாது. கையில இருக்கற ஆர்டருக்குத் தேவையானதும், அவசரத்துக்கு ஒரு ரோலும் போதும். வெயில் படாத, ஈரமில்லாத இடத்துல, கவரைப் பிரிக்காம வைங்க.

ரோல் மாத்தும்போதெல்லாம் கிளீனிங் கார்டு போட்டு எடுத்துடுங்க. ஒரு துளி தூசி ஹெட்டுக்கும் கார்டுக்கும் நடுவுல மாட்டினா போட்டோவுல வெள்ளைப் புள்ளி விழும். பிளாங்க் கார்டை ஓரத்தைப் பிடிச்சே எடுங்க, விரல் எண்ணெய் பட்ட இடத்துல கலர் பிடிக்காது. இதெல்லாம் சின்ன விஷயம்தான். ஆனா கெட்டுப்போற ஒவ்வொரு கார்டும் முழுசா ஒரு செட் ரிப்பனையும் கொண்டு போகும்.

வேஸ்டேஜ் குறைக்க இன்னொரு எளிய வழி இருக்கு. கார்டு அடிக்கறதுக்கு முன்னாடி, வகுப்பு வாரியா பேர், இனிஷியல், போட்டோ, போன் நம்பர் எல்லாத்தையும் சாதாரண ஏ4 பேப்பர்ல அடிச்சு, கிளாஸ் டீச்சர்கிட்ட கொடுத்துக் கையெழுத்து வாங்கிடுங்க. மச்சானோட 30 வேஸ்ட் கார்டுல முக்கால்வாசி இனிஷியல் தப்புதான். கையெழுத்து வாங்கினதுக்கப்புறம் வர்ற திருத்தத்துக்குத் தனியா காசு கேட்கலாம், யாரும் வருத்தப்பட மாட்டாங்க.

தீர்ந்துபோன ரிப்பனைக் குப்பையில போடாதீங்க

இது காசு விஷயம் இல்லை, ஆனா உங்க கடை பேரைக் காப்பாத்தற விஷயம். தீர்ந்த ரிப்பனை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கருப்புப் பேனல்ல எழுத்து கார்டுக்குப் போயிட்டதால அந்த இடம் மட்டும் காலியா, பேரும் போன் நம்பரும் அப்படியே படிக்கற மாதிரி இருக்கும். கலர் பேனல்ல முகமும் தெரியும். 600 குழந்தைகளோட பேர், முகம், வீட்டு அட்ரஸ் மொத்தமும் அந்தத் தீர்ந்த ரோல்கள்ல இருக்கு. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயசுக்குக் கீழே இருக்கறவங்களோட விவரங்களுக்குத் தனிப் பாதுகாப்பு கொடுக்குது. ரிப்பனைத் துண்டு துண்டா வெட்டி அழிச்சுடுங்க. "பழைய ரிப்பனை நாங்க அழிச்சுடுவோம்"னு கொட்டேஷன்லயே ஒரு வரி எழுதிக் கொடுங்க. ஹெட்மாஸ்டருக்கு உங்க மேல நம்பிக்கை கூடும்.

கொட்டேஷன் கொடுக்கறதுக்கு முன்னாடி ஏழு கேள்வி

1. பின்பக்கத்துல ஏதாவது வருதா? வந்தா கலரா, கருப்பா?
2. பின்பக்கம் எல்லாருக்கும் ஒண்ணா, ஒவ்வொருத்தருக்கும் வேறயா?
3. கலர் போட்டோவுல மட்டுமா, கார்டு முழுக்கவா?
4. பார்கோடு, சிப் ஏதாவது இருக்கா?
5. என் பிரிண்டர் மாடலுக்கு இந்த பார்ட் நம்பர் ரிப்பன் சேருமா?
6. வரியோட ரோல் விலை எவ்வளவு? அதுல எத்தனை பக்கம் வரும்?
7. வேஸ்ட்டுக்கு எத்தனை கார்டு சேர்த்திருக்கேன்?

இதுக்கெல்லாம் பதில் எழுதிட்டு, ரோல் விலையை உண்மையா வரப்போற கார்டு எண்ணிக்கையால வகுத்துக்குங்க. அதோட பிளாங்க் கார்டு விலையைச் சேருங்க. உங்க உழைப்புக்கும் பிரிண்டர் தேய்மானத்துக்கும் ஒரு தொகை வைங்க. அதுக்கப்புறம்தான் விலை சொல்லணும். ஸ்கூல்ல விலையைக் குறைக்கச் சொன்னா உடனே உங்க லாபத்துல கை வைக்காதீங்க. டிசைனைக் கொஞ்சம் மாத்தினா ரிப்பன் செலவு குறையுமான்னு பாருங்க.

மச்சான் அடுத்த ஸ்கூலுக்குப் பேசப் போனப்போ இந்த ஏழு கேள்வியையும் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுத்தான் போனார். விலை அதே 30 ரூபாய்தான் சொன்னார். ஆறு பேனல் ரிப்பன்தான் வாங்கினார். முன்னாடி மிச்சமான அந்த ஆறாவது ரோல் வீணாகலை. டீச்சருங்க கார்டுக்குப் பின்பக்கம் எதுவும் வேண்டாம்னு சொன்னதால, அதை அங்க போட்டுத் தீர்த்துட்டார்.

நீங்களும் இந்தத் தொழில்ல இறங்கற யோசனையில இருந்தா, பிரிண்டர் விலையைக் கேட்கற அதே நாள்ல அதோட ரிப்பன் விலையையும் எண்ணிக்கையையும் கேட்டு எழுதிக்குங்க. ரிப்பன் செலவு அதிகமான பிரிண்டர், வாங்கற விலை கம்மியா இருந்தாலும் ஒவ்வொரு ஆர்டர்லயும் உங்க காசைத்தான் சாப்பிடும். இந்தக் கணக்கை உங்க விலையை வச்சு ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்க, கார்டு பிரிண்டர் வாங்கப் போற நண்பருக்கும் காட்டுங்க.